ஏரிக்கரை வீடு மறுபடி மறுபடி கெட்டுப்போனது

கம்ப்யூட்டர் கேமுக்கு மோட் போடும் தொழிலில், வேலை சரியாக நடந்தால் யாரும் நம்மை நினைக்க மாட்டார்கள். தவறினால் கேமில் வானம் ஊதா நிறமாகிவிடும், நம் போன் அடிக்கத் தொடங்கிவிடும்.

இதே தொழிலில் அல்லாடுகிறவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. தலையை ஆட்டிக்கொண்டே படிப்பீர்கள். மற்றவர்களுக்காக இரண்டு வரி. வாள், மந்திரம், டிராகன் என்று ஒரு ஆளை உருவாக்கி, ஊர் ஊராக அலையவிட்டு வளர்க்கிற கேம்கள் இருக்கின்றன. கம்பெனி கொடுத்தபடியே ஆடுகிறவர்கள் குறைவு. யாரோ எங்கேயோ செய்து வைத்த புதுச் சட்டை, புது வீடு, புது மழை என்று அதற்குள் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தக் கூடுதல்தான் மோட். ஒன்று இன்னொன்றின் காலை மிதித்தால் கேம் நின்றுவிடும்.

அப்போது ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கடைக்குப் போன் வரும். கடை என் மருமகள் தேன்மொழியுடையது. பேசுவது அவள், போவது நான். புது ஆட்களிடம் பேச எனக்கு வராது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவள் நான். படிப்பு எட்டாவது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் எண்ணிப் பார்க்காமல் எதையும் கையை விட்டு இறக்கமாட்டேன். இந்த வேலைக்கு அது பாதி நாள் போதும், மீதி நாள் போதாது.

இன்னொரு குறையும் உண்டு. ஒரு வேலை பாதியில் நின்றால் எனக்கு உட்கார முடியாது. சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். கீழே எழுதியிருப்பவை எல்லாம் கோவில்பதாகையில் ஒரு வேலை அப்படி நின்றிருந்த சமயத்தில் நடந்தவை.

பெட்டி இருந்த வீடு

தங்கதுரை சார் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். திருநெல்வேலிப் பக்கம். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கோவில்பதாகையில் வீடு கட்டிக்கொண்டார். மகன் சுரேஷும் மகள் அனிதாவும் கல்யாணமாகி அடுத்தடுத்த தெருக்களில் வாடகைக்கு இருக்கிறார்கள். அப்பா வீட்டு மாடி யாருக்கு என்பதில் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. ஆனால் அப்பாவின் ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் குவார்ட்டர்ஸ் காலத்திலிருந்து அண்ணனும் தங்கையும் சேர்ந்து வளர்த்த ஒரே ஆள் இருக்கிறான். நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் சுரேஷ் வந்து ஆடுவார். ஆபீஸ் விட்டு சாயங்காலம் அனிதா வந்து, அவர் விட்ட இடத்திலிருந்து ஆடுவார். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

அந்தக் கேமில் மோட் போட்டு வந்த ஏரிக்கரை வீடு ஒன்று. வீட்டுக்குள் ஒரு மரப்பெட்டி. அண்ணன் அதில் அம்புகளை வைத்துவிட்டுப் போவார். தங்கை மருந்துப் புட்டிகளை வைப்பார். சண்டை வந்ததும் அனிதா ஒரே ஒரு முட்டைக்கோஸை வைத்தாராம். பதிலுக்கு சுரேஷ் ஒரு உடைந்த கத்தியை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ரொட்டி, தேன் என்று நிலைமை முன்னேறிக்கொண்டு வந்ததாம். அப்பா பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து இவ்வளவையும் கவனித்து வைத்திருக்கிறார். பிள்ளைகள் பேசிக்கொள்ள மிச்சமிருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியும்.

நான் போனபோது அதுவும் போயிருந்தது. ஏரிக்கரைக்குப் போனாலே கேம் நிற்கிறது என்று, சுரேஷ் ஏதோ வீடியோவைப் பார்த்து அந்த வீட்டு மோட்டையே கழற்றி, அப்படியே சேவ் செய்துவிட்டார். சாயங்காலம் அனிதா வந்து பார்த்தால் வெறும் களிமண் தரை. "வீட்டை இடிச்சிட்டான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம். நான் மோட்டின் பெயரைத் தேட அடித்தால் எழுத்து தமிழில் விழுந்தது. "கோயில் நோட்டீஸ் அடிச்சேன், மாத்த மறந்துட்டேன்" என்று தங்கதுரை சார் மாற்றிக் கொடுத்தார். ஏற்கெனவே இருந்தவற்றோடு சேர்த்து முப்பத்தெட்டு மோட்டையும் ஒழுங்காக மறுபடி போட்டேன். வீடு வந்தது. பெட்டி காலி. கழற்றிய பிறகு சேவ் செய்தால் கேம் பழைய பெட்டியை மறந்துவிடும். திரும்ப வருவது புதுப் பெட்டி. இதைத் தரையைப் பார்த்துக்கொண்டே அவரிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "நெசத்துல ஒரு வீட்டுக்குச் சண்ட. இப்ப இல்லாத வீட்டுக்கும் சண்ட. நான் எந்த வீட்டுலம்மா போய் இருக்க?"

கூரைக்குக் கீழே மழை

நூம்பலில் புதிதாக எழுந்த அடுக்குமாடி. கதவைத் திறந்தவர் ஐ.டி.யில் வேலை பார்க்கும் மதுரைப் பையன். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் லிஃப்ட்ல வர்றாரா ஆன்ட்டி?" என்றார். நான் பையைக் காட்டினேன். அவர் கொஞ்சம் தள்ளி நின்று வழிவிட்டார்.

அவர் கேமில் மழை வீட்டுக்குள் பெய்தது. எண்ணிப் பார்த்தேன். மழைக்கு மட்டும் நான்கு மோட். துளிக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று, சட்டை நனைவதற்கு ஒன்று, புயலுக்கு ஒன்று. இதில் கூரை என்று ஒன்று இருப்பது தெரிந்த மோட் முதலிலும், தெரியாத மோட் அதற்கு மேலேயும் ஏறியிருந்தன. இந்த வரிசை விஷயத்தைத்தான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் ஏறுவதில்லை. புடவையைக் கட்டிவிட்டு அதன் மேல் உள்பாவாடையைக் கட்டுவதா? வரிசையை மாற்றிவிடலாம், ஆனால் கம்ப்யூட்டர் திணறுகிறது, ஒன்றைக் கழற்றினால் நல்லது என்றேன்.

எதைக் கழற்றலாம் என்று கேட்டதற்கு அவருக்கு மனசே வரவில்லை. துளி அழகு, சத்தம் அழகு, நனைந்த சட்டை அழகு, புயல் இல்லாமல் கேமே இல்லை. நான் எழுந்தும் உட்கார்ந்தும் பார்த்தேன். மனசு முழுக்க கோவில்பதாகைப் பெட்டியில் இருந்தது. கடைசியில் அவரே முடிவு சொன்னார்: "விடுங்க ஆன்ட்டி, நூம்பல்ல மழ வீட்டுக்குள்ள வர்றது என்ன புதுசா? கேம் மட்டும் திணறாம பாத்துக்கங்க."

மறுபடியும்

கடைக்கு சுரேஷிடமிருந்து போன். ஏரிக்கரைக்குப் போனால் கேம் மறுபடி நிற்கிறதாம். "நேத்து காலையில நல்லா ஓடுச்சு. சாயங்காலம் அவ வந்துட்டுப் போயிருக்கா. ஏதோ பண்ணி வச்சிருக்கா" என்றார். தேன்மொழி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் கையால் ஜாடை காட்ட, அவள் வார்த்தையாக்கிச் சொன்னாள்: இருக்கிற வீட்டு மோட்டை முழுசாக அழித்துவிட்டு, நான் வைத்துவிட்டு வந்த பிரதியிலிருந்து புதிதாகப் போடுங்கள், நடுவில் சேவ் செய்யாதீர்கள். போட்டார். ஓடியது. பெட்டி அப்படியே இருந்ததாம். அதற்குள் அனிதா வைத்திருந்த இரண்டு மருந்துப் புட்டியும் இருந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி இறங்கியது.

ஓடியதே தவிர எனக்கு நிம்மதி வரவில்லை. காரணம் தெரியாமல் சரியானது காரணம் தெரியாமல் கெடும். சட்டையில் ஒரே இடத்தில் இரண்டு முறை தையல் விட்டால் குற்றம் நூலில் இல்லை, மெஷினில். இங்கே மெஷின் எது? கடை வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். தேன்மொழிக்குப் பொறுக்கவில்லை. "அத்தை, குந்து கொஞ்சம். அது மோட் பிரச்சினை இல்ல, ஊட்டுப் பிரச்சினை. அதுக்கு எந்த வெப்சைட்ல மோட் கீது, நீயே சொல்லு."

ஆட்டுக்குள் பல்லி

பூந்தமல்லிக்குப் போகும் வழியில் அதே யோசனை. நிறுத்தம் தாண்டி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தேன்.

வாடிக்கையாளர் ஒரு குடும்பத் தலைவி. ஈரோட்டுக்காரர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் கேம் ஆடுவார். டிராகனுக்குப் பயமில்லை, பேய்க்குப் பயமில்லை. பல்லி என்றால் மட்டும் நாற்காலியில் கால் தூக்கி வைத்துக்கொள்வார். அவர் ஆடும் கேமில் குகைக்குக் குகை ஆள் உயரப் பல்லி. இப்படிப்பட்டவர்களுக்காக யாரோ புண்ணியவான் பல்லியை ஆடாக மாற்றும் மோட் செய்து வைத்திருக்கிறார். போட்டுக் கொடுத்தேன். குகையில் வெள்ளாடுகள் சாதுவாக நின்றன. சுவரிலும் சில நின்றன, அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கேமை இன்னும் கொஞ்சம் ஆடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மோட் உருவத்தை மட்டும் மாற்றியிருக்கிறது, சத்தத்தை மாற்றவில்லை. வெள்ளாடு தலையைத் தூக்கி "ட்ச், ட்ச்" என்றது. அந்த அம்மா திரும்பிக் காலண்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏனுங்க, ஆட்டுக்குள்ள இருந்து பல்லி சொன்னா பலன் பார்க்கோணுங்களா?"

மொட்டை

கடைக்கே நேரில் வந்தவர் அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறவர். லேப்டாப்பைத் திறந்து கல்லா மேல் வைத்து, "யக்கா, இன்னாக்கா இது, என் ஆளு மொட்டையா கீறான்" என்றார். அழகான நீண்ட கூந்தல் மோட் போட்டிருக்கிறார். அந்தக் கூந்தல் நிற்பதற்கு அடியில் வேறொரு மோட் வேண்டும் என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்? படத்தைப் பார்ப்பதோடு சரி. கூந்தல் பிடித்துக்கொள்ள அந்த அடிமோட் இல்லாததால் கேம் கூந்தலையே காட்டவில்லை.

அடிமோட் இறங்க நேரமாகும், நெட் மெதுவாக இருக்கிறது என்றேன். அவருக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "உடுக்கா. திருப்பதி போய்ட்டு வந்துகினான்னு நெனச்சுக்கிறேன். முடி மொளைக்கிறதுக்குள்ள நீ போட்டு குடு."

பாகப் பிரிவினை

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து நின்றார். ஆபீஸ் அடையாள அட்டை கழுத்திலேயே இருந்தது. அனிதா. நான் அவரை அதுவரை பார்த்ததில்லை.

ஏரிக்கரையில் கேம் மூன்றாவது முறையாக நின்றுவிட்டதாம். "காலையில அவரு உட்கார்ந்து எழுந்து போயிருக்காரு. சாயங்காலம் நான் போனா நிக்குது. வேணும்னேதான் பண்றாரு. நான் அந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாது, அவ்வளவுதானே?" அண்ணனும் இதையேதான் இவரைப் பற்றிச் சொன்னார் என்று சொல்ல வாய் வந்தது. எனக்கு அந்த மாதிரி நேரத்தில் குரல் எழும்பாது. தேன்மொழி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அவர் கேட்டது இதுதான். கேமில் சேவ் செய்து வைத்த ஃபைலை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவர் லேப்டாப்பில் போட்டுக் கொடுக்க வேண்டும். அண்ணனின் ஆள் தனி, தன் ஆள் தனி. பெட்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து செய்து கொடுங்கள், அண்ணனையும் அப்பா மூலமாக வரச் சொல்லிவிட்டேன், பிறகு பேச்சு வரக் கூடாது பாருங்கள் என்றார். சேவ் ஃபைலைப் பிரதி எடுப்பது பெரிய வேலையே இல்லை. ஆனால் அப்படிப் பிரித்துவிட்டால், அந்த இரண்டு பேரும் அப்பா வீட்டு ஹாலுக்கு வர எந்தக் காரணமும் இருக்காது. படியிறங்கும்போது அவர் திரும்பி, "மாடியைத்தான் பிரிக்க முடியல. ஆளையாவது ரெண்டாப் பிரிச்சுக் குடுங்க ஆன்ட்டி" என்றார்.

முதல் எழுத்து

ஞாயிற்றுக்கிழமை கோவில்பதாகைக்குப் போனேன். ஹாலில் சுரேஷ் ஜன்னல் ஓரம் நின்றார். அனிதா கதவோரம் நின்றார். தங்கதுரை சார் நெற்றியில் புது விபூதியோடு நடுவில், எந்தப் பக்கமும் பார்க்காமல் இருந்தார். நான் உட்கார்ந்தேன். முதுகில் மூன்று பேர் பார்வை. கால் தானாக ஆடியது.

எண்ணாமல் நான் எதையும் பிரதி எடுப்பதில்லை. மோட் ஃபோல்டரைத் திறந்து எண்ணினேன். நான் போட்டது முப்பத்தெட்டு, முப்பத்தெட்டும் இருந்தன. ஆனால் கண் ஏதோ ஒன்றில் தட்டியது. ஃபோல்டர்கள் இங்கிலீஷ் எழுத்து வரிசையில் நிற்கும். ஏரி வீடு நடுவில் வரவேண்டும். நடுவில் இல்லை. கீழே போய்ப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் கடைசியில், வரிசையில் இடம் கிடைக்காத ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதன் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது. தமிழ் எழுத்து. "உ".

அந்தக் கேமுக்கு இங்கிலீஷ் எழுத்து தவிர வேறெதுவும் படிக்க வராது. ஆள் ஏரிக்கரைக்கு வருவான், கேம் வீட்டைத் தேடும், அந்தப் பெயரில் ஃபோல்டர் இருக்காது, அங்கேயே நின்றுவிடும். திரையில் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தேன். இருவரும் இரண்டு பக்கமிருந்தும் குனிந்தார்கள்.

"இது நீயா?" என்றார் சுரேஷ்.

"நான் எதுக்கு? நீ இல்லையா?"

"எனக்குத் தமிழ்ல அடிக்கவே தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமா?"

பின்னாலிருந்து தங்கதுரை சார் தொண்டையைச் செருமினார். "நான்தான் போட்டேன்."

அவரே தொடர்ந்தார். "நீங்க ரெண்டு பேரும் பெட்டியில ரொட்டி, தேன்னு வைக்க ஆரம்பிச்சதும் போட்டேன். இந்த வீட்டுக்கு வாசக்கால் வைக்கும்போது பிள்ளையார் சுழி போட்டேன். கோயில் நோட்டீஸுக்குப் போடுதேன். மளிகைச் சீட்டுக்குக்கூடப் போடுதேன். நீங்க ரெண்டு பேரும் கால் வைக்கிற வீடு அது ஒண்ணுதான, அதுக்கு மட்டும் போடலையேன்னு போட்டேன். இந்தம்மா வந்து புதுசாப் போட்டாங்க, சுழி இல்ல. போட்டேன். சுரேஷ் அழிச்சிட்டுப் போட்டான், திரும்பவும் இல்ல. வீடு நிக்கணும்லா?"

சுரேஷ் ஜன்னலைப் பார்த்தார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். சிரிப்பு.

"அண்ணா, முதல்ல இவர் கீபோர்டிலேருந்து தமிழை எடு" என்றார் அனிதா.

"எடுத்துட்டா கோயில் நோட்டீஸ் யார் அடிப்பா? நீ வந்து அடிப்பியா?"

"கத்துக்கிட்டு வந்து அடிக்கிறேன். ஞாயித்துக்கிழமை காலையில."

"காலையில என் நேரம்."

"நீ ஆடு. நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். நீ வில்லை வச்சுக்கிட்டு தடுமாறுறதை நேர்ல பார்த்து எவ்வளவு நாளாச்சு."

"முட்டைக்கோஸ் வச்சவதானே நீ?"

"உடைஞ்ச கத்தி வச்சவன் பேசாத."

மாடியைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. அது தீர்ந்ததாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுக்காமலே அனிதா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் ஃபோல்டர் பெயரிலிருந்து அந்த எழுத்தை எடுத்தேன். சுழி வேண்டுமானால் மானிட்டர் ஓரத்தில் மஞ்சளால் போட்டுக்கொள்ளுங்கள், கேம் அதைப் படிக்காது என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் உடனே உள்ளே போய் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தார். வாசல் வரை வழியனுப்பும்போது, ஹாலில் இருவரும் கத்திக்கொண்டிருந்த சத்தத்துக்குக் காது கொடுத்தபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அம்மா, கேமை நிறுத்துச்சோ என்னமோ, சுழி வேல செஞ்சிருக்குல்லா?"

எண்ணிப் பார்த்தால், அந்த வீட்டில் நான் போட்ட முப்பத்தெட்டும் கேமுக்குள் மட்டுமே வேலை செய்தன, அவர் போட்ட ஒன்று மட்டும் கேமைக் கெடுத்துவிட்டு வெளியே வேலை செய்தது.